எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தவள்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவளைப் போலத் தெளிவாகத் தெரிந்தவர் அந்த அச்சகத்தில் வேறு எவரும் இல்லை. ஒருவர் பாதி நெற்றியாக வருவார். ஒருவர் மூக்கும் முகவாயுமாக வருவார். கணக்குப் பிரிவுக்காரர் பெரும்பாலும் சுழலும் மின்விசிறியாகவே வந்து சேர்வார்; அவருடைய கைப்பேசி மேசையில் மல்லாந்து கிடக்கும். அவள் மட்டும் திரையின் நடுவே, கண்கள் கேமராவின் உயரத்தில் இருக்க, இரு கன்னங்களிலும் ஒரே அளவு வெளிச்சம் படிய, பின்னால் சுருக்கமில்லாத வெள்ளைத் துணி தொங்க, நிதானமாக அமர்ந்திருப்பாள்.

"அம்மா, நீங்க வந்தா டிவியில செய்தி வாசிக்க வந்த மாதிரி இருக்கு. இன்னைக்குத் தலைப்புச் செய்தி என்ன?" என்று முதலாளி ஒருமுறை கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்களின் தோள்கள் குலுங்குவதைப் பார்த்துத்தான் சிரித்தாள். முதலாளி அதைச் சொன்னபோது அவருடைய முகம் சதுரக் கட்டங்களாக உடைந்து நின்றிருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு கட்டம் இருந்தது. அவர் கேட்டது இன்னதென்று அன்று மாலை அவளுடைய உதவியாளர் எழுதி அனுப்பிய பிறகே அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் சிரிப்பு ஆறிப்போயிருந்தது. அவளுக்குக் காது கேட்காது. பிறர் உதடுகளைப் பார்த்துத்தான் அவள் பேச்சைக் கேட்பாள். மற்றவர்களுக்குப் படம் போனால் படம் மட்டும்தான் போகும். அவளுக்குப் படம் போனால் எல்லாமே போகும்.

பிறவியிலேயே வந்த குறையல்ல அது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிற்று. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஓர் இரைச்சலைக் கொடுத்தது. அந்த இரைச்சலில் பேச்சு எது, பாத்திரம் உருள்வது எது என்று பிரித்தறிய முடியவில்லை. உதட்டைப் படிக்க அவளுக்கு ஆசிரியர் என்று யாரும் வாய்க்கவில்லை. கண்ணாடியின் முன் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்து, தன் வாயையே பாடநூலாக வைத்துப் படித்தாள். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோல் தெரியும். ககரம் தொண்டைக்குள்ளேயே தங்கிவிடும், வெளியே வராது. கண்ணுக்குத் தெரிவது பாதிதான். மீதியை முகத்திலிருந்தும், முன்னால் பேசிய பேச்சிலிருந்தும், பின்னால் வரும் சொல்லிலிருந்தும் கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உதடு தொடர்ந்து அசைய வேண்டும். நடுவில் ஒரு துளி அறுந்தாலும் கோவை முழுவதும் கொட்டிவிடும்.

காது போன பின்னும் பேச்சு போகவில்லை. முன்போலவே தெளிவாகப் பேசினாள். அதுவே அவளுக்குப் பகையாகவும் ஆயிற்று. திக்கிப் பேசுகிறவரைக் கண்டால் எதிரில் நிற்பவர் தாமே நிதானப்படுவார். இவளிடம் பேசுகிறவர்களோ இரண்டு வாக்கியத்துக்குள் எல்லாவற்றையும் மறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த அச்சகம் மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் விவரத் தாள்களை அச்சிடுகிறது. எறும்பு வரிசை போன்ற எழுத்தில் எப்போது சாப்பிடலாம், எதனோடு சாப்பிடக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்குமே, அந்தத் தாள்கள்தாம். அவற்றில் பிழை பார்க்கும் வேலைக்கு வந்தவள், காலப்போக்கில் அந்தப் பிரிவுக்கே தலைவியானாள். அவள் கையெழுத்து விழாமல் எந்தத் தாளும் அச்சேறாது. கடைசிக் கையெழுத்து என்று அதற்குப் பெயர். கையில் எப்போதும் வட்டக் கண்ணாடி வைத்திருப்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி அக்கா என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வெறும் பூதம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று, சத்தம் கேட்காது என்ற நம்பிக்கையில், அவர்கள் அப்படிச் சொல்வதை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துவிடுவாள். ஒருநாள் தேநீர் வேளையில், "பூதத்துக்கும் ஒரு டீ சொல்லுங்க" என்று அவளே போய்க் கேட்டபோது கணக்குப் பிரிவுக்காரருக்குப் பேயறைந்தது போலாயிற்று.

பழைய அலுவலகத்தில் நீண்ட மேசை ஒன்று இருந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி அவள் உட்காருவாள். எதிரில் உட்காரும் அத்தனை முகங்களிலும் ஜன்னல் வெளிச்சம் விழும். அந்த நாற்காலியை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அங்கே கொண்டு சேர்த்தவள் அவள்தான். அப்போதிருந்த மேலாளர் அடர்ந்த மீசைக்காரர். "சார், உங்க மீசை பேசுறதுதான் தெரியுது, நீங்க பேசுறது தெரியலை" என்று அவள் சொன்ன மறுநாள், அவர் மேலுதடு தெரியுமளவு கத்தரித்துக்கொண்டு வந்தார். "வீட்டுல பத்து வருஷமா கேட்டும் நடக்கலை, ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னதும் நடந்துடுச்சேன்னு எங்க வீட்டம்மா முறைக்குறாங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போனார். அலுவலகக் கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். இயந்திரங்கள் வேறு ஊரில் ஓடின. மற்ற அனைவரும் கட்டடம் எழும்பும் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மேசை போயிற்று, ஜன்னல் போயிற்று. நாற்காலி எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியாது.

புதிய மேலாளர் அந்த மேசையில் உட்கார்ந்தவரே அல்லர். அவளை நேரில் ஒரு தடவையும் கண்டதில்லை. "உங்களுக்குக் காது கேக்காதுன்னு சொன்னாங்க மேடம். நம்பவே முடியலை. எவ்வளவு அழகாப் பேசுறீங்க!" என்று முதல் நாளே பாராட்டினார். முதல் நாள் என்பதால் அவர் படம் நன்றாக வந்தது. அதனால் அவளுக்கும் அந்தப் பாராட்டு கிடைத்தது.

அதற்குப் பிறகு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல்தான். ஒரு முகம் உறையும். உறைந்த வாய் எதையோ சொல்ல வந்த நிலையிலேயே நிற்கும். பிறகு விட்டதைப் பிடிக்க வேகவேகமாக ஓடும். இன்னொருவர் உதடு மூடிய பின் அவருடைய தலையசைப்பு வந்து சேரும். பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் வசதி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. அவளும் அதைப் பயன்படுத்திப் பார்த்தாள். ஒருவர் நிறுத்திப் பேசினால் அது ஓரளவு எழுதும். நால்வர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, தேநீரை உறிஞ்சிக்கொண்டே பேசும் தமிழ் அதன் கைக்குள் அடங்கவில்லை. "மாத்திரை அட்டை" என்று யாரோ சொன்னதை "யாத்திரைச் சட்டை" என்று எழுதிக்காட்டி, அதையும் யார் சொன்னது என்று காட்டாமல் விட்டது.

உதவியாளர் நல்ல பெண். கூட்டம் நடக்கும்போதே இவளுக்குத் தனியாகத் தட்டச்சு செய்து அனுப்புவாள். 'இப்ப என்ன சொன்னாங்க?' என்று இவள் கேட்பாள். 'ஒண்ணுமில்லக்கா, பொதுவாப் பேசிட்டிருக்காங்க' என்று பதில் வரும். 'எதுக்குச் சிரிச்சாங்க?' 'அப்புறம் சொல்றேன்க்கா.' அந்த அப்புறம் சில நாள் வரும், பல நாள் வராது. அவளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவளும் கூட்டத்தைக் கவனித்தாக வேண்டுமே.

ஒரு கூட்டத்தில் மேலாளர் ஒரு திருத்தத்தை வாயால் சொன்னார். ஒரு மருந்தை உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும் என்றிருந்த தாளில், உணவுக்கு முன் என்று மாற்றும்படி மருந்து நிறுவனம் கேட்டிருந்தது. அவர் அதைச் சொன்னபோது படம் உறைந்திருந்தது. உதவியாளர் அன்று விடுப்பு. பழைய தாளிலேயே கடைசிக் கையெழுத்து விழுந்தது. மாற்றம் கேட்டிருந்தது மிஷின்காரருக்கு நினைவிருந்ததால் அவர் ஓட்டத்தை நிறுத்தி விசாரித்தார். ஒரு தாளும் வெளியே போகவில்லை. போட்ட அச்சுத் தகடு மட்டும் வீணாயிற்று.

மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். இந்த மாத முடிவுக்குள் அவள் கூட்டங்களில் 'தடையின்றிப் பங்கேற்கும் நிலை' ஏற்பட வேண்டும். இல்லையெனில் கடைசிக் கையெழுத்தை உதவியாளருக்கு மாற்றுவது பற்றி முடிவெடுக்கப்படும். அவள் அதை அச்செடுத்துத் துளையிட்டுக் கோப்பில் சேர்த்தாள். தனக்கு வந்த எந்தத் தாளையும் அவள் எறிந்ததில்லை. பிறகு, வாய்வழித் திருத்தங்களை எழுத்திலும் அனுப்புமாறு பணிவாக ஒரு பதில் எழுதினாள். 'கவனிக்கப்படும்' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அதையும் கோப்பில் சேர்த்தாள்.

அதன்பின் அவள் செய்தது, எந்தப் பிழையைக் கண்டாலும் அவள் செய்வதைத்தான். மூலத்தைத் தேடிப் போனாள். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். வேகம் என்பது வேறு, சீராக வருவது வேறு என்று கற்றுக்கொண்டாள். இணைப்பு இளைத்துப்போகும்போது கூட்டம் நடத்தும் செயலி எதைக் கைவிடும், எதைக் காப்பாற்றும் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அது குரலைத்தான் காப்பாற்றுமாம். அதற்காகப் படத்தைப் பலியிடுமாம். பேச்சுத்தான் முக்கியம், முகம் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். அந்த வரியை அவள் பலமுறை படித்தாள். அதில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை.

கொழுந்தன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அக்கம்பக்கத்தில் இணைய இணைப்பும் கொடுத்துவந்தான். அவனை அழைத்தாள். அவன் ஏணியோடு வந்து ஈதர்நெட் கேபிளை ஹாலிலிருந்து அவளுடைய அறை வரை சுவரோரமாக இழுத்தான். ரவுட்டரைப் பிரிட்ஜின் பின்னாலிருந்து மீட்டெடுத்து அலமாரி மேல் வைத்தான்.

"அண்ணி, இதை யாரு பிரிட்ஜுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சது?"

"உங்க அண்ணன்தான். பார்க்க நல்லா இல்லையாம்."

"அவரும்தான் பார்க்க நல்லா இல்லை. அவரை எங்க ஒளிச்சு வெக்கிறது?"

அவன் எப்போதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் நக்கல் செய்வான். அதனாலேயே அவளுக்கு அவனைப் பிடிக்கும்.

நல்ல கேமரா வந்தது. புத்தகங்களை அடுக்கி அதன்மேல் அதைக் கண் உயரத்தில் பொருத்தினாள். மேசை விளக்கின்மேல் எண்ணெய்த்தாளைச் சுற்றி ஒளியை மென்மையாக்கினாள். அலமாரியை மறைத்து வெள்ளைத் துணியைக் கட்டினாள். கொழுந்தன் தன் கடையிலிருந்து வீடியோவில் வந்து சோதித்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்க புருவத்து முடியை எண்ணலாம் போல இருக்கு" என்றான்.

அவன் முகம்தான் மங்கலாக இருந்தது.

"தம்பி, உன் படம் இன்னும் சரியாகலையே? இத்தனை மாத்தியாச்சே?"

சிறிது நேரம் அவன் வாய் அசையவில்லை. படம் உறைந்துவிட்டது என்றே நினைத்தாள். உறையவில்லை; அவன்தான் பேசாமல் இருந்தான். பிறகு அன்று மாலை நேரிலேயே வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டே சொன்னான்.

"அண்ணி, கேபிள் இழுத்ததால உங்க பக்கம் வர்ற வழி சுத்தமாயிடுச்சு. அதுல சந்தேகம் இல்லை. ஆனா அவங்க வீட்டுலேர்ந்து கெட்டுப்போய்க் கிளம்பினா இங்க என்ன பண்ண முடியும்? இந்தக் கேமரா, லைட்டு, துணி எல்லாம் நீங்க அவங்களைப் பாக்குறதுக்கு இல்லை. அவங்க உங்களைப் பாக்குறதுக்கு."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

தெரியும்தான். ஆனால் தெரிந்ததை எடுத்து வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய முடியும்? தன் கைக்கு எட்டியதை அவள் திருத்தினாள். திருத்திக்கொண்டே இருந்தால் எட்டாததும் ஒருநாள் எட்டிவிடும் என்று மனத்தின் ஒரு மூலை நம்பிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கிளம்பும்போது, "உங்களுக்கு ஆகவேண்டியது அவங்க வீட்டுல இருக்கு. நான் எத்தனை வீட்டுக்கு ஏணி தூக்கிட்டுப் போறது?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

அவள் ஏணிக்குப் பதிலாக ஒரு சுற்றறிக்கை எழுதினாள். நல்ல தமிழில், யாரையும் புண்படுத்தாமல் எழுதினாள். விளக்கு முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். ரவுட்டர் உள்ள அறையிலேயே உட்காருங்கள். படம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிறிதானாலும் விடாமல் வந்தால் போதும். ஒருவர் முடித்த பின் அடுத்தவர் பேசுங்கள். என்னால் உங்களைக் கேட்க முடிய வேண்டும் என்பதற்காகவே இவற்றைக் கேட்கிறேன் என்று முடித்து, அனைவருக்கும் அனுப்பினாள். கட்டைவிரல் உயர்த்திய பொம்மைகள் வரிசையாக வந்தன.

அடுத்த திங்கட்கிழமை, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், பாதிப் பேர் முயன்றிருந்தார்கள். கணக்குப் பிரிவுக்காரர் மின்விசிறியிலிருந்து மனிதராக மாறியிருந்தார். முகத்துக்கு நேராக ஒரு பெரிய விளக்கை வைத்துக்கொண்டு, கண் கூச, கன்னத்தில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தார். "பூதத்துக்காகப் பொரிஞ்சுட்டிருக்கேன்" என்று அவர் சொன்னதை அவள் ஓர் எழுத்து விடாமல் படித்தாள். உச்சி குளிர்ந்துபோயிற்று. எத்தனையோ வாரங்களுக்குப் பின் அவளுக்குக் கிடைத்த முதல் முழு வாக்கியம் அது.

அந்தக் குளிர்ச்சி அரைக் கூட்டம்கூட நீடிக்கவில்லை. எல்லோரும் படத்தைப் போட்டதில் முதலாளியின் இணைப்பு திணறியது. அவருக்குக் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. மேலாளர் ஏதோ சொன்னார். அடுத்து, விளக்கை ஊதி அணைப்பது போல, ஒவ்வொரு முகமாக மறைந்தது. முகம் இருந்த இடத்தில் கறுப்புக் கட்டமும், அதன் நடுவே வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் நின்றன. கடைசியில் அவள் மட்டும் மிஞ்சினாள்.

'என்ன ஆச்சு?' என்று உதவியாளருக்குத் தட்டினாள்.

'வீடியோவால ஆடியோ கெட்டுப்போகுதுன்னு எல்லாரையும் ஆஃப் பண்ணச் சொன்னாங்கக்கா. இனிமே எப்பவும் இப்படித்தானாம்.'

'என்னதும் அணைக்கணுமா?'

சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது. 'உங்களுது இருக்கட்டும்னு சார் சொல்றார்க்கா. உங்களுக்கு வீடியோ முக்கியமாச்சே, அதோட உங்க வீடியோதான் நல்லா இருக்குன்னு சொல்றார்.'

அவள் விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் முன்னால், புருவத்து முடியை எண்ணிவிடக்கூடிய துல்லியத்தில் அமர்ந்து, கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனால் எல்லோருக்கும் தெரியும். அழுதால் இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே தலையை மெல்ல ஆட்டியபடி கூட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள்.

மாத முடிவு நெருங்கியது. நேரில் சந்திக்க வேண்டும் என்று முதலாளிக்கு எழுதினாள். அலுவலகமே இல்லை, நானும் பயணத்தில் இருக்கிறேன், வீடியோவிலேயே பேசிவிடலாம், உங்களுக்காக நானும் மேலாளரும் கட்டாயம் படத்தைப் போடுகிறோம் என்று அவர் மரியாதையாகப் பதில் எழுதினார். மறுப்பதற்கு அதில் ஓர் ஓட்டையும் இல்லை.

அந்தக் கூட்டத்தன்று அவளுடைய கணவர் வேலைக்குப் போகவில்லை. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுகிறவர் பக்கத்தில் அமர்ந்து, எதிரில் லாரியே வந்தாலும் குரல் உயர்த்தாமல், "பரவாயில்லை, நல்லாத்தான் போறீங்க, கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லிப் பழகியவர். அவர் காலடியில் எப்போதும் இன்னொரு பிரேக் இருக்கும். அவளுக்குப் பக்கத்தில், கேமராவில் விழாதபடி நாற்காலியை ஒதுக்கிப் போட்டுக்கொண்டார். திரையில் வருவதைக் காதால் கேட்டு, சத்தம் இல்லாமல் உதட்டால் அவளுக்குச் சொல்வதென்று ஏற்பாடு.

"பயப்படாதே. நான் இருக்கேன்ல?" என்றார்.

"பயமெல்லாம் இல்லை. நீங்க ஏதாச்சும் பூசி மெழுகிடுவீங்களோன்னுதான் கவலை."

"நானா?"

"நீங்கதான். போன வாரம் சுவத்துல மோதினவர்கிட்டகூட நல்லாத் திருப்பினீங்கன்னு சொன்னதா நீங்களே சொன்னீங்க."

கூட்டம் தொடங்கியது. முதலாளி ஓடும் காரின் பின் இருக்கையில் இருந்தார். மரநிழலும் வெயிலும் மாறி மாறி அவர் முகத்தைத் தின்றன. மேலாளர் ஜன்னலுக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அவரிடத்தில் கறுப்பாக ஒரு தலை வடிவம் மட்டும் தெரிந்தது. சுற்றறிக்கையின் முதல் வரியே அதைப் பற்றியதுதான்.

அவள் பேசினாள். நடந்ததை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். எந்த நாளில் எந்தத் திருத்தம் வாய்வழி வந்தது, எழுத்தில் அனுப்பும்படி தான் கேட்டது, வந்த பதில் என்று ஒவ்வொன்றுக்கும் தாள் எடுத்துக் கேமராவின் முன் காட்டினாள். ஒவ்வொரு தாளும் அப்பழுக்கில்லாமல் தெரிந்திருக்கும்.

முதலாளி ஏதோ சொன்னார். அவள் கணவர் பக்கம் பார்த்தாள்.

'ரொம்ப நல்லாச் சொன்னீங்கன்னு சொல்றார்' என்று அவர் உதடுகள் சொன்னன.

அவள் மைக்கை அணைத்தாள். "அவ்வளவுதானா? அவர் நிறையப் பேசினாரே. பூசாம அப்படியே சொல்லுங்க."

அவர் உதடுகள் மறுபடி அசைந்தன. 'எங்களுக்கு உங்க முகமும் பளிச்சுன்னு தெரியுது, நீங்க பேசுறதும் சுத்தமாக் கேக்குது. இந்த ஆபீஸ்லயே இதைவிட நல்ல வீடியோ யாருக்கும் இல்லை. குறை எங்க இருக்குன்னு எனக்குப் புரியலையேம்மா... அப்படின்னு சொல்றார்.'

அவள் மைக்கைப் போட்டாள். "என் படம் நல்லா இருக்குங்க ஐயா. எனக்கு வேண்டியது உங்க படம்" என்றாள். "நான் உங்களுக்குத் தெரியுறேன். நீங்க எனக்குத் தெரியலை."

கார் ஏதோ பாலத்துக்கு அடியில் புகுந்தது போலும். முதலாளியின் முகம் உறைந்தது. பாதி திறந்த வாயோடு, ஏறக்குறைய இரக்கத்தோடு, அவளைப் பார்த்தபடியே நின்றுவிட்டது. மேலாளரின் கறுப்புத் தலை அசையத் தொடங்கியது. அசைந்துகொண்டே இருந்தது. நீண்ட பேச்சு.

அவள் மைக்கை அணைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். முதலில் அவர் உதடுகள் சில சொற்களைத் தொடங்கின. 'உங்க மேல இருக்கிற அக்கறையிலதான்...' என்பது வரை வந்தது. பிறகு நின்றுபோயின. வலது கால் தரையை அழுத்தியது. அவருக்கே தெரியாமல், எத்தனையோ வருடப் பழக்கத்தில், இல்லாத பிரேக்கை அவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றாங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் வெளிச்சமே இல்லை. அறையில் இருந்த விளக்கு முழுவதும் அவள் முகத்துக்காகவே கட்டப்பட்டிருந்தது. அவள் கையை நீட்டி, எண்ணெய்த்தாள் சுற்றிய விளக்கின் கழுத்தைப் பிடித்து, கணவர் பக்கம் திருப்பினாள். அவர் கண் கூசியது. கண்ணில் நீர் இருந்தது கூசியதாலா என்று சொல்ல முடியாது. ஆனால் உதடுகள் பழைய மேசையில் ஜன்னலுக்கு எதிரே அமர்ந்தவருடையவை போலத் துல்லியமாகத் தெரிந்தன.

"சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். இந்தத் தடவை பூசவில்லை. 'அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கடைசிக் கையெழுத்து அந்தப் பொண்ணுக்கு. உனக்குப் பழைய தாளையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. மீட்டிங்குக்கு நீ வரவேண்டாமாம். உனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னுதானாம்.'

அவள் ஓர் எழுத்தும் விடாமல் கேட்டுக்கொண்டாள். கோப்பில் இருந்ததையெல்லாம் ஏற்கெனவே காட்டியாயிற்று.

திரையில் கறுப்புத் தலை மறுபடி அசைந்தது. உறைந்திருந்த முதலாளியும் விழித்துக்கொண்டு கையை ஆட்டினார். கணவர் அவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அப்படியே சொல்லுங்க" என்றாள்.

'லைட் போயிடுச்சான்னு கேக்குறாங்க. உன் முகம் தெரியலையாம்.'

அவள் விளக்கைத் திருப்பவில்லை.